எந்தக் கோயிலுங்க நீங்க?

மொத வருசம் சேந்த புள்ளைகளோட பெத்தவங்களுக்குன்னு சனி, ஞாயிறு ரெண்டு நாள் விழா வெச்சிருக்கறோம், வாங்கன்னு யுனிவர்சிட்டில இருந்து வாட்ஸப்புல மெசேஜ் வந்தப்ப எனக்கு சந்தோசந்தான். ஒரே பொண்ணு. போத்தனூர்ல எங்க ஊட்டுல இருந்து ரெண்டு பஸ் மாறினாப் போயிரலாம், ஆனா மொத வருசம் எல்லாரும் ஹாஸ்டல்லதான் இருக்கோணும்னு அங்க ரூலு. அவளை உட்டுட்டு வந்ததுல இருந்து ஊடு வெறிச்சோன்னு கெடந்துச்சு. நான் சிங்காநல்லூர்ல ஒரு லேப்ல ரத்தம் எடுக்கற டெக்னீசியன், எங்க ஊட்டுக்காரரு ரயில்வேல வேலை. ரெண்டு பேரும் லீவு சொல்லியாச்சு. அவளுக்கு என்ன பண்டம் செஞ்சு எடுத்துட்டுப் போறதுன்னு நான் ரோசனை பண்ணிட்டு இருக்கறப்ப அவளே போன் பண்ணுனா.

"அம்மா, நீங்க கட்டாயம் வரோணும்னு இல்லீங்கம்மா. நெறையப் பேரோட பேரண்ட்ஸ் வரமாட்டாங்களாமா."

எனக்கு சுருக்குனு ஆயிருச்சு. நான் கொஞ்சம் கோவக்காரி, வாய அடக்கத் தெரியாது. "ஏன், நாங்க வந்தா உனக்குக் கேவலமா இருக்குதா?"ன்னு கேட்டுப்போட்டேன். பொறகு, "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா, வாங்க"ன்னா. அந்த வாங்கல உசுரே இல்ல.

நான் நெனைச்சது வேற. பெரிய யுனிவர்சிட்டி, காருல வந்து எறங்கற சனம், நம்ம இங்கிலீசு, நம்ம சீலை, இதுல ஏதோ ஒண்ணு புள்ளைக்குக் கூச்சமா இருக்குதாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். அதுக்காகவே அவருக்கு ஒரு புதுச் சட்டை எடுத்தேன். எனக்கு இருந்ததுலயே நல்ல சீலையக் கட்டிக்கிட்டேன். இதையெல்லாம் இப்ப நெனைச்சா எனக்கே சிரிப்பு வருது, சிரிக்கத்தான் முடியல.

சனிக்கெழமை காலைல போய் எறங்குனா, எங்களை உள்ள கூட்டிட்டுப் போகாம, கேட்டுக்கு எதுத்தாப்புல இருந்த பேக்கரிக்கு இழுத்துட்டுப் போனா. மூணு டீ சொன்னா. எளைச்சிருந்தா. கண்ணுக்குக் கீழ கருவளையம். "அப்பா, உள்ள யாராச்சும் எந்தக் கூட்டமுங்கன்னு கேட்டா, பேச்ச அப்படியே மாத்தீருங்க"ன்னா.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது, அதனால சொல்லிர்றேன். கூட்டம்னா குலம். ஒரே கூட்டத்துக்காரங்க எல்லாம் பங்காளிக, அண்ணந்தம்பி மொறை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோயில் இருக்கும். எங்க பக்கத்துல தோட்டங்காடு வெச்சிருக்கறவங்க ரெண்டு பேரு புதுசாப் பாத்துக்கிட்டா மொதல்ல கேட்டுக்கறது இதத்தான். எந்த ஊருங்க, எந்தக் கூட்டமுங்க, எந்தக் கோயிலுங்க. கேக்கறதுல ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது, சொந்தம், ஒறம்பரையக் கண்டுபுடிக்கற சந்தோசம் அது. ஆனா பதில் சொல்ல முடியாதவன் யாருன்னும் அதுலயே தெரிஞ்சுரும். நாங்க அந்தக் காடுகள்ல கூலிக்குப் போன சனம். எங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கெடையாது.

ஹாஸ்டலுக்குப் போன மொத நாளே ரூம்ல கூட இருக்கற புள்ளை கேட்டிருக்கறா. காங்கேயத்துப் பக்கம், தேங்காய்க் களம் வெச்சிருக்கற குடும்பம். நல்ல புள்ளை. நம்ம பொண்ணு, "எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத்தான் தெரியும்"னு சொல்லிருக்கறா. "டவுன்ல வளந்தவங்க எல்லாம் இப்படித்தான்"னு அந்தப் புள்ளை சிரிச்சுட்டு, அன்னையில இருந்து இவளையும் அவங்க ஆளுகள்ல சேத்துக்கிட்டாளாமா. ஒரே தட்டுல சாப்பாடு, ஒரே பாய்ல படிப்பு.

"நான் பொய் சொல்லலீங்கம்மா. அவங்களா நெனைச்சுக்கிட்டாங்க."

"அப்பறம் நீ தெளிவாச் சொல்றதுக்கென்ன?"ன்னேன் நான்.

அவ டீ கிளாஸையே பாத்துட்டு இருந்தா. ஹாஸ்டல் மாடில ஒரு பொண்ணாமா. அவளும் எங்களாட்ட சனந்தான்னு எப்படியோ எல்லாருக்கும் தெரிஞ்சுருச்சாமா. "யாரும் அவள ஒண்ணும் சொல்றதில்லீங்கம்மா. வாங்க, போங்கன்னு மரியாதையாத்தான் பேசறாங்க. ஆனா அவ டப்பாவைத் தொறந்தா எல்லாருக்கும் வயிறு ரொம்பீருது. அவ வந்து உக்காந்தா எல்லாருக்கும் வேலை வந்துருது. தனியா உக்காந்து தின்னுட்டு இருக்கறா. நாலு வருசம் அப்படி என்னால முடியாதுங்கம்மா. செத்துருவேன்."

எனக்கு யாரை அறையறதுன்னு தெரியல. அந்தப் புள்ளைகளையா, இவளையா, டீ போட்டவனையா. நான் மில்லு காலனில பொறந்தவ. அங்க லைன் ஊட்டுல எல்லா ஊட்டு அடுப்பும் எனக்குத் தெரியும், யாரும் எங்கிட்ட எந்தக் கோயிலுன்னு கேட்டதில்ல. "எந்திரி, பெட்டியக் கட்டு, ஊட்டுக்குப் போலாம்"னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு, "சரி பாப்பா. பேச்ச மாத்திக்கலாம். வெசனப்படாதே"ன்னு சொல்லிப்போட்டாரு. அவரு சொன்னா அதுக்கு மேல நான் பேசறதில்ல, புள்ளை முன்னால.

உள்ள ஆடிட்டோரியத்துல பெத்தவங்க எல்லாத்துக்கும் கழுத்துல மாட்டறதுக்கு ஒரு அட்டை குடுத்தாங்க. பெரிய பெரிய ஆளுக பேசுனாங்க. மைக்கு புடிச்ச ஒரு வாத்தியார் பொண்ணு எங்களையெல்லாம் எந்திரிக்கச் சொல்லி, பக்கத்துல இருக்கறவங்க கையப் புடிச்சு "இனிமேல் நாம் ஒரே குடும்பம்"னு சொல்லச் சொன்னா. எல்லாரும் சிரிச்சுட்டே சொன்னாங்க. எனக்குப் பக்கத்துல நின்னது, ரூம்ல இருக்கற அந்தப் புள்ளையோட அம்மா. அவங்க கை சூடா, நல்லாக் கெட்டியா இருந்துச்சு.

அந்தம்மாவ நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். எங்களைத் தேடி வந்து, எங்க பொண்ணு கன்னத்தைத் தடவி, "என்ன கண்ணு, இப்படி எளைச்சுட்டே"ன்னு கேட்டது அவங்கதான். அவங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான், வெள்ளை வேட்டியும் மடிச்சு உட்ட சட்டையுமா, வாய் நெறைய ங்க. மத்தியானம் கேன்டீன்ல எல்லாரும் ஒரே மேசைல உக்காந்தோம். அவங்க ஒப்புட்டும் கச்சாயமும் கொண்டாந்திருந்தாங்க. எங்க இலைல அவங்க கையாலயே எடுத்து வெச்சாங்க. ஒரு வாய் திங்கறதுக்குள்ள ஆரம்பிச்சுருச்சு.

"எந்த ஊருங்க நீங்க?"

"போத்தனூருங்க"ன்னாரு இவரு.

"அது இப்ப இருக்கறதுங்க. சொந்த ஊரு?"

காரமடைக்கு மேக்கால இருக்கற தன்னோட ஊரைச் சொன்னாரு. அந்தம்மா கையில இருந்த கச்சாயத்தைக் கீழ வெச்சுட்டாங்க. நான் மேசைக்கு அடில அவரு காலை மிதிச்சேன். எம் பொண்ணு, "அத்தை, சாம்பார் வேணுங்களா?"ன்னு எந்திரிச்சா. அவங்க அவ கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டு, "அப்ப எந்தக் கோயிலுங்க நீங்க?"ன்னு கேட்டாங்க.

இருபது வருசமா அவரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல. கறிக்கடைக்காரன் தப்பா சில்லறை குடுத்தாலும் திரும்ப நடந்து போய்க் குடுத்துட்டு வர்ற மனுசன். அவரு அந்த ஊரு அம்மன் கோயில் பேரச் சொன்னாரு. ஊருக்கு நடுவுல, தோட்டக்காரங்களுக்குப் பாத்தியப்பட்ட கோயிலு. இவரு சனமெல்லாம் வருசா வருசம் திருவிழா நோம்பிக்கு ரோட்டுக்கு அக்கட்டால நின்னு கும்பிட்ட கோயிலு.

கெரகம், அதுதான் அந்தம்மாவோட பொறந்த ஊட்டுக் கோயிலு.

"அய்யோ சாமி, அப்ப நீங்க எனக்கு அண்ணனாகோணும்"ன்னாங்க. கண்ணே கலங்கிப் போச்சு அவங்களுக்கு. என்னையப் பாத்து, "வாங்க நங்கையா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. நங்கையான்னா அண்ணன் பொண்டாட்டி. அவங்க வளந்தது வேற ஊராமா, நோம்பிக்கு மட்டும் அங்க போவாங்களாமா. "எப்படீங்கண்ணா நாம பாத்துக்காமயே இருந்தோம்?"ன்னு கேட்டதுக்கு, ரயில்வேல லீவு கெடைக்காதுங்கன்னாரு. அப்பறம் நோம்பியப் பத்திக் கேட்டாங்க. பூச்சாட்டுல இருந்து, கம்பம் நட்டு ஆடறதுல இருந்து, மாவெளக்கு எந்தத் தெருவு வழியா வரும்ங்கற வரைக்கும் பூராத்தையும் தப்பில்லாமச் சொன்னாரு. வெளிய நின்னு பாத்தவருக்கு எல்லாம் மனப்பாடமா இருந்துச்சு. அந்தம்மாவுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போயிருச்சு.

அத்தோட உட்டிருந்தா சரி. அண்ணன் பொண்ணுன்னா மருமக. அவங்களுக்கு மூத்தது ஒரு பையன், பெங்களூர்ல வேலை. "இனி நான் எதுக்கு வெளிய பொண்ணு தேடோணும்? என்ன மருமகளே?"ன்னு எம் பொண்ணு தாடையப் புடிச்சு ஆட்டுனாங்க. வெளையாட்டுக்குத்தான் சொன்னாங்க. ஆனா அந்த வெளையாட்டு எங்க போய் முடியும்னு எங்களாட்ட சனத்துக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல, பேப்பர் படிச்சாப் போதும்.

அப்பறம் போனை எடுத்தாங்க. அந்த ஊருலயே இருக்கற அவங்க பெரியப்பா பையனுக்குப் போட்டாங்க. கோயில் காரியமெல்லாம் அவருதான் பாக்கறாரு. "அண்ணா, நம்ம பங்காளி ஒருத்தரைக் கண்டுபுடிச்சுட்டேன். போத்தனூர்ல ரயில்வேல இருக்கறாரு"ன்னாங்க. அவரு என்னமோ சொன்னாரு. போனை வெச்சுட்டு, "ரயில்வேல நம்ம ஆளுக யாரும் இல்லையேங்கறாரு. நாளைக்குக் கோயமுத்தூர்ல ஒரு கல்யாணத்துக்கு வர்றாராமா, முடிச்சுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கயே வந்துர்றாராமா. நேர்ல பாத்தா அடையாளம் தெரிஞ்சுரும்"ன்னாங்க, சிரிச்சுட்டே.

எம் பொண்ணு இலைல சோத்தை உருட்டிட்டே இருந்தா, ஒரு வாய் எறங்கல.

சாயந்தரம் பஸ்ல திரும்பி வர்றப்ப நான் அவரைக் காய்ச்சி எடுத்துட்டேன். "ஏனுங்க, உலகத்துல இல்லாத கோயிலா? பழனின்னு சொல்லிருக்கலாம், திருப்பதின்னு சொல்லிருக்கலாம். அந்தப் பேரு எப்படீங்க உங்க வாயில வந்துச்சு?" அவரு ஜன்னலுக்கு வெளியவே பாத்துட்டு, "நம்ம சாமி பேரச் சொன்னா நாம யாருன்னு அப்பவே தெரிஞ்சுரும். எனக்கு வேற எந்தக் கோயிலு தெரியும்?"ன்னாரு. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது.

ஊடு வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு போன் பண்ணிட்டா. அழுகை. "நாளைக்கு வராதீங்கம்மா. அப்பாவுக்குக் காச்சல்னு சொல்லிருங்க. கால்ல உழுகறேன்." நான் சொன்னேன், காலைல போய் நானே அந்தம்மாகிட்ட உள்ளதைச் சொல்லீர்றேன், என்ன ஆனாலும் ஆகட்டும்னு. "சொன்னீங்கன்னா நான் இங்க இருக்க மாட்டேன், எங்கயும் இருக்க மாட்டேன்"னா. அவரு போனை வாங்கி, "போகாட்டித்தான் பாப்பா சந்தேகம் எச்சாகும். அவரு என்னையப் பாத்தாக் கண்டுபுடிச்சுருவாரு, அது நெசந்தான். நான் பேசிக்கறேன். நீ தூங்கு"ன்னாரு.

என்ன பேசப் போறீங்கன்னு கேட்டேன். போனை என்ற கைல குடுத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

ஞாயித்துக்கெழமை புள்ளைகளோட ஆட்டம் பாட்டம். எம் பொண்ணும் ஒரு குரூப் டான்ஸுல இருந்தா. ஆடுனா, சிரிச்சா, பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆடி முடிச்சு எறங்குனதும் அந்தம்மா எங்கிட்டக் குனிஞ்சு, "அண்ணன் பக்கத்துல வந்துட்டாராமா நங்கையா"ன்னாங்க. அடுத்த நிமிசம் எங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சு வெளிய போனாரு. பாத்ரூமுக்காட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். ஆனா எனக்கு மனசு கேக்கல. நானும் எந்திரிச்சுப் பின்னாலயே போனேன்.

அவரு நேரா கேட்டுக்குப் போனாரு. நான் செக்யூரிட்டி ரூமுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டேன். ஒரு கார் வந்து நின்னுச்சு. அறுபது வயசு இருக்கும், தாட்டிகமான ஆளு, கையில கல்யாண ஊட்டுத் தாம்பூலப் பை. அவரு எறங்கறதுக்கு முன்னாலயே இவரு செருப்பைக் கழட்டி ஓரமா உட்டுட்டாரு. வெய்யில்ல தாரு ரோடு கொதிச்சுட்டுக் கெடக்குது. துண்டு இல்ல, இருந்திருந்தா அதையும் எடுத்து இடுப்புல கட்டியிருப்பாருன்னு நெனைக்கறேன். நான் எடுத்துக் குடுத்த புதுச் சட்டையோட முதுகு வளைஞ்சு நின்னாரு.

"கும்புடறனுங்க பண்ணாடி."

பண்ணாடின்னா தோட்டத்துக்கு மொதலாளி. அந்த வார்த்தைய எங்க ஊட்டுல ஒருத்தரும் சொன்னதில்ல. அவரு வாயில இருந்து அது வந்த வேகத்துல எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு.

அந்தாளு உத்துப் பாத்தாரு. இவரு தன்னோட அப்பா பேரச் சொன்னாரு. "அட, நீயா. ரயில்வே பங்காளி நீதானாடா?"ன்னு அந்தாளு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. இவரு அப்படியே குனிஞ்சு காலைத் தொட்டாரு. தொட்டது மட்டுமில்ல, புடிச்சுக்கிட்டாரு. "பாப்பா இங்க படிக்குதுங்க பண்ணாடி. தெரிஞ்சா இருக்க மாட்டேங்குதுங்க. தெரியாம வாயில வந்துருச்சுங்க. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க, இங்க மட்டும் சொல்லீராதீங்க."

எனக்கு அந்த எடத்துல காளியாட்டப் போய் நின்னு அந்தாளு சட்டையப் புடிக்கோணும்னுதான் இருந்துச்சு. கால் நகரல. நகந்தா எம் பொண்ணு பொழைப்புப் போயிரும். கோவம் வந்தா நான் யாருக்கும் அடங்குனதில்ல, அன்னைக்கு அடங்கி நின்னேன். சீலைத் தலைப்பை வாயில திணிச்சுட்டு நின்னேன்.

அந்தாளு கெட்டவரு இல்ல. அதுதான் எனக்கு இன்னமும் ஆறல. "சரி, எந்திரி. படிக்கற புள்ளை, நான் எதுக்குச் சொல்லப் போறேன்? உங்கப்பன் நம்ம காட்டுல ஒழைச்சவன்"னு முதுகுல தட்டுனாரு. அப்பறம் கொரலைக் கொஞ்சம் தாத்தி, "ஆனா எந்தங்கச்சி அவ பையனுக்கு அது இதுன்னா போன்ல. அந்தப் பேச்சு மட்டும் ஆகாது, பாத்துக்க"ன்னாரு. "அய்யோ, அந்த நெனப்பே இல்லீங்க பண்ணாடி"ன்னு இவரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

நான் அவங்களுக்கு முன்னால ஓடி வந்து ஆடிட்டோரியத்துல என்ற எடத்துல உக்காந்துக்கிட்டேன். நான் பாத்தேன்னு அவருகிட்டயும் சொல்லல, பொண்ணுகிட்டயும் சொல்லல. அவ மேடைக்குப் பின்னால துணி மாத்திட்டு இருப்பான்னு நெனைச்சேன்.

சாப்பாட்டுல அந்தாளு சொன்ன வாக்கைக் காப்பாத்துனாரு. மேசைக்கு வந்தவரு இவரைப் பாத்து, "ஆமாமா, நம்ம பங்காளிதான், எனக்கு நல்லாத் தெரியும்"னு ஒரு சிரிப்பு. அந்தம்மாவுக்கு சந்தோசம் தாங்கல. எனக்கும் அப்ப நிம்மதிதான், பொய் சொல்லலாமா. மானம் போனாப் போகுது, புள்ளை தப்பிச்சான்னுதான் எனக்கும் இருந்துச்சு. பொண்ணு எனக்கு எதுத்தாப்புல உக்காந்து, தலையக் குனிஞ்சுட்டே தின்னுட்டு இருந்தா.

பேசிட்டே இருந்த அந்தாளுக்கு விக்கல் எடுத்துச்சு. மேசைல தண்ணி காலி. திரும்பிக்கூடப் பாக்காம, இவரு இருந்த பக்கம் கையக் காட்டி, "போய்த் தண்ணி எடுத்துட்டு வா"ன்னாரு. அவரு வேணும்னே சொல்லல, பழக்கம், கை தானா நீண்டுருச்சு. இவரு பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடுனாரு. நெசமாவே ஓடுனாரு. அந்தம்மா சிரிச்சுட்டு, "ஏண்ணா, பங்காளியப் போய் வா போன்னுட்டு"ன்னாங்க. "சின்ன வயசுல இருந்து பாத்தவன்தான"ன்னாரு அந்தாளு.

தண்ணி பாட்டலைக் கொண்டாந்து மூடியத் தொறந்து ரெண்டு கையாலயும் வெச்சாரு இவரு. வெச்சுட்டு உக்காரல. நாக்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டாரு.

"அப்பா, உக்காருங்க"ன்னா எம் பொண்ணு.

"இருக்கட்டும் பாப்பா. நீ சாப்புடு."

"சோறு ஆறுது, உக்காருங்கப்பா."

"பெரியவரு சாப்புட்டு எந்திரிக்கட்டும்"னாரு. அவருக்கே தெரியல அவரு என்ன சொல்றாருன்னு. அந்தம்மாவோட கண்ணு மட்டும் ஒரு வாட்டி அவரு மேல போய் நின்னுட்டுத் திரும்புச்சு.

எம் பொண்ணு கையைத் துடைச்சா. அவ மூஞ்சியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுருச்சு, அது என்ற மூஞ்சி. வேண்டாம் கண்ணுன்னு தலையாட்டுனேன். அவ என்னையப் பாக்கவேயில்ல.

"அத்தை, நாங்க அந்தக் கோயிலுக்குள்ள போனதே இல்லீங்க. எங்களை உள்ள உடமாட்டாங்க. எங்க தாத்தா இவங்க காட்டுல கூலிக்குப் போனவரு. எங்கப்பா எனக்காகப் பொய் சொல்லிட்டாரு, நாந்தான் சொல்லச் சொன்னேன்."

சத்தமாச் சொல்லல. பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது. அந்தாளு, "பாப்பா, எதுக்கு இப்ப அதெல்லாம்"னு ஆரம்பிச்சுட்டு நிறுத்திக்கிட்டாரு. அந்தம்மா கை தயிர்ச் சோத்துல அப்படியே நின்னுச்சு. ரூம் புள்ளை என்ற பொண்ணையே பாத்துட்டு இருந்தா, கண்ணு நெறைய. அந்தம்மா, "அதனால என்னங்க. சாப்புடுங்க"ன்னாங்க. ங்க போட்டுத்தான் சொன்னாங்க. நங்கையான்னு சொல்லல. அப்பறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, கையக் கழுவிட்டு வந்துர்றோமுங்கன்னு போனாங்க. எங்க மூணு பேருக்கு முன்னால அவங்க இலையெல்லாம் பாதிச் சோத்தோட கெடந்துச்சு. வழிச்சுப் போட வந்த பையன் எடுக்கலாங்களான்னு கேட்டான், எடுத்துக்கப்பான்னேன்.

அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் அப்பாமாரையும் ஹாஸ்டலுக்குள்ள உட்டாங்க. நாங்க ரூமுக்குப் போறதுக்குள்ள அந்தப் புள்ளையோட பெட்டியும் படுக்கையும் போயிருந்துச்சு. வாசல்ல அந்தம்மா மட்டும் நின்னுட்டு இருந்தாங்க, எங்களுக்காகத்தான் நின்னாங்க. "புள்ளைக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்குதுங்க, ரெண்டு நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க"ன்னாங்க. அவங்க கண்ணும் செவந்திருந்துச்சு. ரெண்டு நாளைக்குப் போற புள்ளை மெத்தைய எதுக்குச் சுருட்டிட்டுப் போகோணும்னு கேக்க வந்துச்சு எனக்கு. கேக்கல. சரிங்க, போயிட்டு வாங்கன்னேன்.

கதவைச் சாத்துனதும் அவரு பொண்ணு மேல பாஞ்சாரு. அவரு அவள அதட்டி நான் பாத்ததே இல்ல. கொரலு ஒடஞ்சு போச்சு. "ஏம் பாப்பா சொன்னே? அவரு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தாரு. நான் கேட்டு வாங்கியிருந்தேன். எல்லாத்தையும் இப்படிப் பாழாக்கிப் போட்டயே. நாலு வருசம் எப்படி இருப்பே?"

"நீங்க எப்படிக் கேட்டு வாங்குனீங்கன்னு பாத்தேங்கப்பா"ன்னா அவ.

"என்ன பாத்தே?"

"ஆடிட்டு எறங்குனதும் உங்களைக் காணோம்னு தேடிட்டு வந்தேன். அம்மாவுக்குப் பின்னால மறைவாத்தான் நின்னேன். அம்மாவுக்கும் தெரியாது."

"எல்லாமா பாத்தே?"

"செருப்பைக் கழட்டுனதுல இருந்துங்கப்பா."

அவரு காலி ஆயிருந்த அந்தக் கட்டில்ல, வெறும் பலகை மேல உக்காந்துட்டாரு. ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டாரு. நான் போய்த் தோளைத் தொட்டேன், தட்டி உட்டுட்டாரு. பொண்ணு போய்க் கீழ உக்காந்து அவரு மொழங்காலைப் புடிச்சுக்கிட்டு, "நான் இருந்துக்குவேங்கப்பா, அழுகாதீங்க"ன்னா. அவரு கைய எடுக்கவே இல்ல.

"உன்னைய அந்த ஊருக்கே ஒரு நாளும் கூட்டிட்டுப் போகாம இருந்தனே பாப்பா"ன்னாரு. "இத நீ பாத்தறக் கூடாதுன்னுதான்."